நேர்ந்துகொண்டவள்

பட்டமளிப்பு விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அம்மா என் தலைமுடியைக் கேட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, சுங்கை பாக்காப் ஊரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நெத்திலிச் சம்பலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே, கடைக்குப் போய்த் தேங்காய் வாங்கி வா என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"கான்வோவுக்கு முன்னாடி மொட்டை போட்டுரணும் லினெட். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்திருக்கேன்."

"யாருக்கு மொட்டை?"

"உனக்குத்தான். வேற யாருக்கு?"

எனக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்து ஜன்னி கண்டதாம். ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்து அம்மா மாதாவிடம் பேரம் பேசியிருக்கிறாள். இந்தப் பிள்ளை பிழைத்து, படித்து, ஒரு பட்டம் வாங்கினால் அவள் முடியை உனக்குத் தருகிறேன். எங்கள் ஆட்களில் கடல் தாண்டி வேளாங்கண்ணி வரை போக முடியாதவர்கள் இங்கேயே மழித்து, முடியைத் துணியில் முடிந்து, போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவார்கள். பக்கத்து வீட்டு மோனிக்கா அக்கா அடுத்த மாதம் போகிறார். அவரிடமும் சொல்லியாயிற்று. தலைக்குச் சொந்தக்காரியிடம் மட்டும்தான் யாரும் சொல்லவில்லை.

எங்கள் குடும்பத்தில் யாருடைய உடம்பும் அவரவருக்குச் சொந்தமாக இருந்ததில்லை. கொள்ளுத்தாத்தா உடம்பு ரப்பர் தோட்டத்துக்கு. அப்பா ஹென்றியின் இடுப்பு லாரிக்கு. அம்மா அக்னஸின் கண்கள் பிறை ஊர்த் தொழிற்சாலையின் மைக்ராஸ்கோப்புக்கு. பரம்பரையில் முதல் பட்டதாரி நான். என் தலையாவது என்னுடையது என்று நினைத்திருந்தேன்.

அதுவும் நான் படித்தது தத்துவம். கெலுகோர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அன்றே அம்மாவின் அண்ணன் பேட்ரிக் மாமா, "தத்துவமா? படிச்சிட்டு சாமியாராவா போகப் போற?" என்று கேட்டுச் சிரித்தார். கடைசி வருஷம் முழுக்க நான் எழுதியது ஒரே கேள்வியைப் பற்றி. 'நான்' என்று சொல்கிறோமே, அது எது? கிரேக்கர்கள் காலத்திலிருந்து இன்றுவரை யார் என்ன சொன்னார்கள்? அந்தக் கேள்வி ஒருநாள் வெங்காயத் தோலோடு சமையலறை மேஜைக்கு வரும் என்று எந்த விரிவுரையாளரும் சொல்லித் தரவில்லை.

"முடியாது" என்றேன்.

"மாதாவுக்குச் சொன்ன வார்த்தை."

"நான் சொல்லலையே. நீ சொன்ன."

"நீ வேற நான் வேறயா?"

அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டது. எழுந்து நின்றேன். படித்ததையெல்லாம் எடுத்து வீசினேன்.

"கேட்டுக்கோ. கிரேக்க நாட்டுல ஒருத்தர் சொன்னாரு, மனுசன்னா ஆத்மா. உடம்பு அது போட்டுக்கிட்ட சட்டை மாதிரி."

அம்மா யோசித்தாள். "அப்ப முடி நீ இல்ல."

"இல்ல."

"நீ இல்லாத ஒண்ண வெட்டுறதுக்கு நீ எதுக்குக் கத்துற?"

கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் அப்பா இருமினார். அது இருமல் இல்லை, சிரிப்பு.

நான் விடவில்லை. "புத்த பிட்சு ஒருத்தர் ராஜாகிட்டச் சொன்னாரு. தேர்ல சக்கரம் இருக்கு, அச்சு இருக்கு, நுகம் இருக்கு. அதுல தேர் எங்க? அந்த மாதிரிதான் நாமளும். 'நான்'னு தனியா ஒண்ணு கெடையவே கெடையாது."

"நல்லதாப் போச்சு. ஆளே இல்லாத தலைக்கு சவரக் கத்தி பட்டா யாருக்கு வலிக்கும்?"

"பிரான்சுல ஒருத்தரு, எல்லாத்தையும் சந்தேகப்பட்டாரு. உலகம் பொய்யா, உடம்பு பொய்யான்னு. சந்தேகப்படுறதுக்கு ஒருத்தன் வேணுமே, அவன் நான்னு கண்டுபிடிச்சாரு."

"சரி, சந்தேகப்படு. மொட்டையா உக்காந்து சந்தேகப்படு லா. யாரு வேணாங்குறா?"

"ஜெர்மன்காரரு ஒருத்தர் சொல்றாரு, எந்த மனுசனையும் இன்னொருத்தர் காரியத்துக்குக் கருவியா மட்டும் பயன்படுத்தக் கூடாதுன்னு. நீ என்னையக் கருவியாக்குற!"

"உன் உசுரக் காப்பாத்தத்தான்டி கருவியாக்குனேன்."

ஒரு பேராசிரியர்கூட என்னை இப்படி மடக்கியதில்லை. கடைசியாக ஒருவர் மிச்சம் இருந்தார். முன்னூறு வருஷத்துக்கு முந்திய ஆங்கிலேயர். வைத்தியம் படித்தவர்.

"அந்த டாக்டர் என்ன சொல்றாருன்னா, ஆத்மாவும் முக்கியமில்ல, உடம்பும் முக்கியமில்ல. ஞாபகம்தான் ஆளு. நேத்துச் செஞ்சதை 'நான் செஞ்சேன்'னு எனக்கு ஞாபகம் இருந்தா, அது நான். இல்லேன்னா அதுக்கு நான் பொறுப்பில்ல. எனக்கு அந்த ஆஸ்பத்திரி ஞாபகம் இல்லம்மா. காய்ச்சல் ஞாபகம் இல்ல. மூணு வயசுல அங்க கெடந்தது நானே இல்ல."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள். "நீல பெஞ்சு. ஒரு கால் ஆடும். உன் நெத்தியில துணி போட்டா அது உடனே சூடாயிரும். நர்ஸம்மா நெத்தியத் தொட்டுட்டு முகத்தத் திருப்பிக்கிட்டாங்க. எல்லாம் ஞாபகம் இருக்கு."

கோபத்தில் இருந்தேன். யோசித்துச் சொன்னேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

"அப்ப அந்த டாக்டர் கணக்குப்படி அந்த ஆளு நீதான். வேண்டுனது நீ, ஞாபகம் இருக்கிறது உனக்கு, கடனும் உன்னோடது. உன் முடியக் குடு."

அப்பாவின் செய்தித்தாள் சரசரப்பது நின்றது.

அம்மாவின் முடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இடுப்புக்குக் கீழே வரும். தொழிற்சாலைத் தொப்பிக்குள் அதைச் சுருட்டித் திணிக்க அவளுக்குத் தனி வித்தை உண்டு. கோயிலில் அம்மாவைப் பெயர் சொல்லிக் கேட்டால் சிலருக்குத் தெரியாது. "நீளமுடி அக்னஸ்" என்றால் எல்லாருக்கும் தெரியும்.

அவள் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள்.

நான் அன்றைக்கே பஸ் ஏறி கெலுகோர் அறைக்கு வந்துவிட்டேன். அறைத்தோழி பிரஷாந்தியிடம் சொன்னேன். அவள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். கொள்ளுத்தாத்தா காலத்திலேயே ரயில்வே கிராணி, அதாவது குமாஸ்தா, வீடு நிறைய பட்டதாரிகள். "ஒரு விக் வாங்கிப் போடு, மொட்டையும் ஆச்சு, படமும் ஆச்சு" என்றாள். அவளுக்குக் கான்வோ என்றால் ஒரு புதுச் செருப்பு. எங்கள் வீட்டில் அது தெய்வக் குற்றம் வரைக்கும் போகிற காரியம் என்பதை அவளுக்கு விளங்கவைக்க எனக்குப் பொறுமை இல்லை. விழாவுக்கு முந்தின நாள் முடியை நன்றாகக் கழுவி, சீவி, விரித்துப் போட்டேன். யார் வந்து கேட்டாலும் சரி, இது என் தலை.

விழாவன்று மண்டபத்துக்கு வெளியே பூங்கொத்து விற்கிறவர்களுக்கு நடுவில் பட்டமளிப்பு அங்கியான ஜூபா காலில் தடுக்க நின்றுகொண்டிருந்தேன். பேட்ரிக் மாமாவின் கார் வந்து நின்றது. முதலில் மாமா இறங்கினார். கோயில் கமிட்டிக்காரர், கறுப்புக் கோட்டு, முகம் அதைவிடக் கறுத்திருந்தது.

"உங்கம்மாவ வந்து பாரு! தண்ணீர்மலைக்குப் போயி முருகனுக்கு மொட்டை போட்டுட்டு வந்து நிக்கிறா. ஃபாதருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

பின்கதவு திறந்தது. அம்மா இறங்கினாள். மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலை, காதில் கம்மல், அதற்கு மேலே ஒன்றுமே இல்லை. வெயில் பட்டுத் தலை மின்னியது.

அவளுக்குப் பின்னால் அப்பா இறங்கினார்.

"நேத்து கதவத் தொறந்தா சாமியார் மாதிரி ஒருத்தங்க நிக்கிறாங்க. யாரு வேணும்னு கேட்டுட்டேன் லா."

"கட்டுன புருசன்! கொரலக் கேட்டப்புறம்தான் கண்டுபிடிச்சாரு" என்றாள் அம்மா.

"சிரிப்பா இருக்கா?" என்றார் மாமா. "முருகன் கோயிலுக்கு எதுக்குப் போன?"

"யாருண்ணே போனது? லிட்டில் இந்தியாவுல சலூன்ல போட்டேன். மாதாவுக்கு நேர்ந்தது. முடி மோனிக்கா வீட்டுல இருக்கு, போயிப் பாத்துக்க. முருகனுக்கே குடுத்திருந்தாலும் தலை என்னோடதுதான்."

"நீ மகளோட முடியத்தானே நேர்ந்துகிட்ட? ஊருக்கே தெரியும்."

அப்போது என் அம்மா, ஆறாம் வகுப்போடு நின்றவள், சாலையோரத்தில் அண்ணனுக்குப் பாடம் நடத்தினாள்.

"உனக்கு இது புரியாதுண்ணே. இங்கிலாந்துல ஒருத்தரு, டாக்டரு, முன்னூறு வருசத்துக்கு முன்னாடியே எழுதி வச்சிருக்காரு. யாருக்கு ஞாபகம் இருக்கோ அவங்கதான் அந்த ஆளு. பெஞ்சுல உக்காந்து வேண்டுனது எனக்குத்தான் ஞாபகம் இருக்கு. இவளுக்கு இல்ல. அப்ப இவகிட்டப் போயி எப்படிக் கேக்குறது? அநியாயம் இல்லையா?"

"எவன் சொன்னான் இதையெல்லாம்?"

"எம் மக சொன்னா. சும்மாவா கூப்பிட்டுப் பட்டம் குடுக்கிறாங்க?"

சேர்ந்த நாளிலிருந்து, இந்தப் படிப்பு எதற்கு ஆகும் என்று கேட்காத ஆள் இல்லை. வேலை கிடைக்குமா, சோறு போடுமா. தேர்வுத்தாளில் நான் எழுதியதை மதிப்பெண் போட்டு அலமாரியில் வைத்தார்கள். நான் சொன்ன ஒரு வாதத்தை நம்பி, அதன்படி நடந்து, தன்னிடம் இருந்ததிலேயே பெரியதைக் கழற்றிக் கொடுத்த முதல் ஆள் அம்மா. என் பட்டம் அங்கேயே, அந்தச் சாலையோரத்திலேயே, கைக்கு வந்துவிட்டது.

"மாதாகிட்ட ஒண்ணச் சொல்லிட்டு ஒண்ணக் குடுத்தா செல்லுமா?" மாமா விடவில்லை.

"அது எனக்கும் அவங்களுக்கும் உள்ள பேச்சு. ரெண்டு பேரும் தாய். பேசித் தீத்துக்கிட்டோம்."

மாமா தலையில் கை வைத்துக்கொண்டு காரை நிறுத்த இடம் தேடிப் போனார். நான் அம்மா பக்கத்தில் போனேன். "நான் கோபத்துல சொன்னேம்மா."

"கோபத்துல சொன்னா பொய்யா ஆயிருமா?" அவள் குரல் தணிந்தது. "அன்னைக்கு என் முடியத் தர்றேன்னு சொல்ல எனக்கு வாய் வரல லினெட். அழகுன்னு எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். பிள்ளை அங்க சாகக் கெடக்கு, நான் என் முடியக் காப்பாத்துறேன். உன்னுதச் சொல்லிட்டேன். நீ கத்துனப்பதான் உறைச்சுது."

"வேணும்னா நானும்..."

"தொடாத." என் முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் விட்டாள். "உன்னுது உன்னோடது. நீதானே சொன்ன? இப்ப நீயே மாத்தாத."

மாமா திரும்பி வந்தபோது கையில் ஒரு சால்வை இருந்தது. "இதையாவது போத்திக்க." அம்மா அதை வாங்கி அழகாக மடித்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே நடந்தாள்.

மேடையில் ஏறும்போது மண்டபம் முழுக்கத் தலைகள். சீவிய தலை, முக்காடிட்ட தலை, பூ வைத்த தலை, எதுவும் எதிலிருந்தும் பிரித்துத் தெரியவில்லை. மற்ற பிள்ளைகள் தங்கள் அம்மாவைத் தேடிக் கழுத்தை நீட்டினார்கள். நான் தேடவே இல்லை. மேல்வரிசையில் விளக்கொளி பட்டு ஒரே ஒரு தலை நிலவு மாதிரி நின்றது. என் பெயரைப் படித்ததும் அது எழுந்தது. எழக்கூடாது என்று அறிவித்திருந்தார்கள். எழுந்ததோடு நிற்காமல், "எம் மக! எம் மக!" என்று தொழிற்சாலை இரைச்சலில் பேசிப் பழகிய தொண்டையால் கத்தியது. காவலர் ஓடி வந்தார். மண்டபம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். நான் பட்டம் வைத்துக் கொடுத்த தோல் உறையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். அதுவும் கூடாதுதான்.

வெளியே வந்ததும் படம் எடுக்க நின்றோம். நடுவில் நான், ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் அம்மா. மாமா கைப்பேசியை உயர்த்தினார், இறக்கினார்.

"அக்னஸ், இந்தப் படம் காலத்துக்கும் ஹால்ல தொங்கும். பாக்கிறவங்க யாரு இதுன்னு கேப்பாங்க. நல்லபடியாச் சொல்றேன், தலைய மூடு."

அம்மா என்னைப் பார்த்தாள். என் தலையிலிருந்த சதுரத் தொப்பியைக் கழற்றித் தன் மொட்டைத் தலையில் வைத்தாள். தடுக்க முடி இல்லாததால் அது புருவம் வரை இறங்கியது. குஞ்சத்தை வாயால் ஊதி ஓரமாகத் தள்ளினாள்.

"மூடிட்டேன். எடுண்ணே."