நான்கு பற்சக்கரங்கள்

விரிப்புகளைப் பிழியும் எந்திரம் நின்றபோது, அதன் இரண்டு உருளைகளுக்கு நடுவே என் அக்காவின் நான்கு விரல்கள் இருந்தன.

மேஸ்திரி ஓடிவந்து மின்சாரத்தை நிறுத்தியிருந்தார். மேல் உருளையைத் தளர்த்தும் திருகு துருவேறி அசையவில்லை. இனிப் பக்கவாட்டிலுள்ள கைப்பிடியைச் சுற்றி உருளையைப் பின்னுக்குத் திருப்பினால்தான் கை வெளியே வரும். அவர் கைப்பிடியில் நீளமான இரும்புக் குழாய் ஒன்றைச் செருகினார். நீளம் கூடினால் திருப்பும் வலுவும் கூடும். துணி சிக்கும்போதெல்லாம் அப்படித்தான் செய்வார். இடது பக்கம் ஒரு சுற்று, அவ்வளவுதான்.

"கண்ண மூடிக்கம்மா. ஒரே சுத்து."

அக்கா மூடவில்லை. "மெதுவாண்ணே. விரலு உங்களுது இல்ல."

அந்தச் சலவைக்கூடத்தில் என் வேலை துணி மடிப்பது. அறிவியலில் பட்டம் வாங்கியிருந்தும் வாய் திறக்கமாட்டேன் என்பதால் எனக்குப் பூச்சி என்று பெயர். அக்காவின் கையைப் பார்க்க முடியாமல் எந்திரத்தின் பக்கவாட்டைப் பார்த்தேன்.

மோட்டார் சுழற்றும் கைப்பிடித் தண்டோடு ஒரு பற்சக்கரம், உருளையோடு ஒன்று. முன்பு இரண்டுக்கும் நடுவில் பெரிய சக்கரம் ஒன்று இருந்தது. போன வாரம் அது உடைந்தது. அதே அளவு கிடைக்காததால் ஃபிட்டர் இரண்டு சின்னச் சக்கரங்களை வைத்து இடைவெளியை நிரப்பினார். உருளை தலைகீழாக ஓடியது. மோட்டாரின் ஒயர்களை மாற்றிக் கொடுத்து, அதை எதிர்ப்பக்கம் ஓடவைத்துச் சரிசெய்தார். சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தோம். கைப்பிடியை அதன்பின் யாரும் தொடவில்லை.

மூன்று சக்கரங்கள் என்றால் முதலும் கடைசியும் ஒரே பக்கம் சுற்றும். நான்கு என்றால் எதிரெதிர்ப் பக்கம்.

இடது பக்கம் சுற்றினால் அக்காவின் கை உள்ளே போகும்.

மேஸ்திரி காலை ஊன்றிக் குழாயைப் பிடித்தார்.

"வேணாம்!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"யாரு, பூச்சியா? நேரங்காலம் தெரியாம கத்தாத."

"இப்ப நாலு சக்கரம் இருக்கு. வலது பக்கம் சுத்தணும்."

"இத்தன வருஷமா இடதுலதான் சுத்தறேன். தப்பாச்சுன்னா நீயா பதில் சொல்லுவ?"

அக்காதான் பேசினாள். "அவ சொல்ற பக்கமே சுத்துங்கண்ணே. ஏய், நீயும் வந்து பிடிடி."

மேஸ்திரியின் கைகளுக்குப் பக்கத்தில் என் கைகளை வைத்தேன். வலது பக்கம் அழுத்தினோம். பற்கள் ஒன்றையொன்று தொடும் சத்தம் வரிசையாகக் கேட்டது. உருளை அசையவில்லை. இன்னும் அழுத்தினோம். அக்கா அலறினாள். நான் கையை எடுத்துவிட்டேன்.

"விடாதடி! வெளியதான் வருது!"

மறுபடி பிடித்தேன். விரல்கள் வந்தன, வெளுத்து, தட்டையாக. மேஸ்திரி ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் பாட்டுக்கு இடது பக்கம்..." என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் அக்கா என் தோளில் சாய்ந்திருந்தாள்.

"அம்மாகிட்ட கதவுல நசுங்கிச்சுன்னு சொல்லு."

"சரி. விரல மடக்கு பாக்கலாம்."

மூன்று விரல்கள் கொஞ்சம் அசைந்தன.

"சுண்டுவிரல்?"

"அப்புறம் மடக்கறேன்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.