காய்ப்பு

சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலைச் சாய்ந்த மரக்கட்டையின்மேல் விரித்து, மேல்நுனியை மார்பால் அழுத்திக்கொண்டு, இரண்டு கைப்பிடிக் கத்தியைக் கீழ்நோக்கித் தள்ளினார் மாசிலாமணி. ஒட்டியிருந்த சதை உரிந்து காலடியில் விழுந்தது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் கலியாணத்துக்கு முன்னாலிருந்தே இதே வேலை, இதே நாற்றம். மற்றவர்களுக்கு வயிற்றில் பதிகிற கட்டை, ஆள் குள்ளம் என்பதால் இவருக்கு இடது மார்பில் பதியும்.

கட்டையில் நிற்கிற யாருக்கும் உடம்பில் எங்காவது காய்ப்பு இருக்கும். அதனால் முலைக்காம்புக்கு அடியில் புளியங்கொட்டை மாதிரி ஒன்று தட்டுப்பட்டபோது அவர் சட்டை செய்யவில்லை. அது எலுமிச்சை அளவுக்கு வந்தபோதும், "அண்ணனுக்குக் காய்ப்பு ஜாஸ்தி, வேல ஜாஸ்தி" என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். அவரும் சிரித்தார்.

ஐப்பசியில் காம்பு உள்ளே இழுத்துக்கொண்டு ரத்தம் கசிந்தது. அதே ஷாப்பில் தோலிலிருந்து வழித்த மயிரைத் தரம் பிரிக்கிற வேலை செய்யும் அவர் மனைவி சவுரியம்மாள், துண்டைத் துவைக்கும்போது பார்த்துவிட்டாள்.

"இன்னாய்யா இது?"

"சுண்ணாம்பு பட்டு அறுத்துக்கிச்சு."

"பொய் சொல்லாத. எங்க அத்தைக்கு மார்ல இப்டித்தான் வந்துச்சு. அதுலயே போய்ட்டா."

"அவ பொம்பளடி! வெளிய சொல்லித் தொலைக்காத, மானம் போய்டும்."

மானமாவது மண்ணாவது. மறுநாள் இருவரும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வேலூருக்கு ரயிலேறினார்கள். மார்பு நோய்க்குச் சவுரியம்மாளுக்குத் தெரிந்தது அங்கிருந்த பெண்கள் ஆஸ்பத்திரிதான். ஆண்களைக் காவல்காரன் வாசலோடு நிறுத்திவிட்டான். சவுரியம்மாள் மட்டும் உள்ளே போய் வரிசையில் உட்கார்ந்தாள். நெடுநேரம் கழித்து அவள் முறை வந்தது.

"ரவிக்கையக் கழட்டும்மா" என்றார் டாக்டரம்மா.

"எனக்கில்ல தாயே. வெளிய நிக்கறாரே, எங்க வூட்டுக்காரரு, அவருக்கு."

டாக்டரம்மாவுக்கு எரிச்சல் வந்தது. ஆனால் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டதும் எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார். வேப்பமரத்தடியில் வைத்து மாசிலாமணியின் மார்பையும் கக்கத்தையும் அழுத்திப் பார்த்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்க்க, மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டார்.

"காய்ப்புன்னா தோலோட இருக்கும். இது உள்ளருந்து வளருது. கக்கத்துலயும் எறங்கிடுச்சு."

"ஆம்பளைக்கும் வருமா தாயே?" என்றார் மாசிலாமணி.

"வரும். எப்பவாவதுதான் வரும். அதான் யாரும் நெனைக்கறதில்ல. உடனே வெட்டி எடுக்கணும்."

"நீங்களே எடுத்துடுங்களேன்" என்றாள் சவுரியம்மாள்.

"இங்க ஆம்பளைங்களுக்குப் படுக்கை கிடையாதும்மா. மதராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. தள்ளிப்போடாதீங்க."

மதராஸ் போக முன்பணம் வேண்டும், திரும்பி வந்தால் வேலையும் இருக்க வேண்டும். ஷாப்பில் கூலியாட்களைப் பார்த்துக்கொள்ளும் கன்னியப்ப மேஸ்திரி, காதில் பீடியைச் செருகிக்கொண்டு மாசிலாமணி சொன்னதைக் கேட்டார். கெட்டவர் இல்லை.

"மொதலாளிகிட்ட நான் இன்னான்னு சொல்றது? மார்ல நோவுன்னா சிரிப்பாரு. காலு ஒடஞ்சுது, கை போச்சுன்னா கேக்கலாம்." கொஞ்சம் யோசித்தார். "கட்டைய அழுத்த இனிமே ஒன்னால ஆவாது. சும்மா ஏன் நிக்கற? பொம்பளைங்களோட ஒக்காந்து மயிரு பிரி. கூலியும் அவங்க கூலிதான். காசு சேத்துக்கினு மதராஸ் போ."

பாதிக்கூலி. அது கேழ்வரகுக்கே பற்றாது என்று மேஸ்திரிக்கும் தெரியும்.

மாசிலாமணி கோணியை விரித்து உட்கார்ந்தபோது பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு அவர்களில் ஒருத்தி, முனியம்மா, நகர்ந்து இடம் விட்டாள். "இப்டி வாண்ணா, காத்து வரும்." அன்று முழுக்க அவர் தலை நிமிரவில்லை. ரத்தக் கசிவுக்காக மார்பில் சுற்றியிருந்த துணியில் ஈர மயிர் ஒட்டிக்கொண்டே இருந்தது. சவுரியம்மாள் எடுத்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

தை பிறந்தது. மதராஸுக்கு ஒரு காசும் சேரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஆண்கள் கூலி வாங்கிப் போன பிறகு கணக்கர் பெண்கள் பெயரைக் கூப்பிட்டார்.

"முனியம்மா. சவுரியம்மா. மாசிலாமணி."

கக்கத்துக் கட்டி முற்றி வீங்கிய இடது கையைத் தூக்க முடியவில்லை. வலது கையை நீட்டினார்.