அடிப்பக்கத்துக் கதவு

தெருவில் எல்லோரும் அவரைப் பல்லுக்காரர் என்பார்கள். பல் பிடுங்குவது அவர் வேலையில்லை. பல் செய்வதுதான் வேலை. மூன்று மருத்துவமனைகளிலிருந்து ஈறுகளின் அச்சு வந்து சேரும். மெழுகு வார்த்து, பல் அடுக்கி, மெருகேற்றி அனுப்பி வைப்பார். இந்த ஊரின் பாதிச் சிரிப்பு தன் மேசையிலிருந்து போனதுதான் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு தனி சந்தோஷம்.

மதிய நேரத்தில் சாப்பிட்ட கையோடு அதே மேசையில் இன்னொரு வேலை நடக்கும். விமானம், கப்பல், ரயில் இன்ஜின் என்று உள்ளங்கை அளவில் மாதிரிகள் கட்டி வண்ணம் பூசுவார். டாங்கி மட்டும் கட்டியதில்லை. அது மனைவி போட்ட ஒரே நிபந்தனை. அவளுடைய அண்ணன் இருபத்தாறு வருஷத்துக்கு முன் நடந்த போரில் டாங்கி ஓட்டியவர். திரும்பி வந்தபின் ஊர் வம்பு, உலக வம்பு எல்லாம் பேசினார். அதைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. இப்போது சாலை போடும் இடங்களில் ரோலர் ஓட்டுகிறார். "இதைவிட வேகமா எதையும் ஓட்ட மாட்டேன்" என்று சிரிப்பார். அதற்கு மேல் யாரும் தோண்டியதில்லை.

நூலகர் வந்து கேட்டபோதுதான் நிபந்தனை ஆட்டம் கண்டது.

"சார், கண்ணாடி அலமாரி ஒண்ணு வந்திருக்கு. உங்க கையால ஒரு டாங்கி செஞ்சு குடுங்க. வர்ற பசங்க அத்தனை பேரும் டாங்கி, டாங்கின்னு உயிரை எடுக்குறாங்க."

பல்லுக்காரர் தலையைச் சொறிந்தார். புகழ்ச்சிக்கு மயங்காத மனுஷர் யார்? மச்சான் தன் பட்டறைப் பக்கம் எட்டிப் பார்த்ததே கிடையாது, முடித்து நேரே நூலகத்துக்கு அனுப்பிவிட்டால் வீட்டுக்குத் தெரியவா போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டு டாங்கி மாதிரிப் பெட்டி ஒன்று வாங்கிவிட்டார்.

நானூற்றுச் சொச்சம் துண்டுகள். பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி, வெட்டிய தழும்பைத் தேய்த்து ஒட்ட வேண்டும். சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டைக்கே நூற்றெண்பது கண்ணிகள். வேறு ஆளாக இருந்தால் கண் பூத்துப் போயிருக்கும். மெழுகு செதுக்கும் கத்தியும் ஊசி மாதிரித் துளையிடும் கருவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? வண்டியின் வயிற்றுப் பக்கத்தில் வட்டமாக ஒரு கோடு ஓடியது. அதைப் பற்றிக் கட்டுமானத் தாளில் ஒரு வார்த்தை இல்லை. அச்சில் வந்த குறை என்று நினைத்து, பட்டி பார்க்கும் மாவு வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டு வழவழவென்று ஆக்கினார். யாரும் பார்க்கப்போகாத இடம்தான். இருந்தாலும் விட மனசு வரவில்லை.

பிறகு சாம்பல் நிற அடிப்பூச்சு, அதன்மேல் கரும்பச்சை. பழுப்பைத் தண்ணீராகக் கரைத்து இடுக்குகளில் ஓடவிட்டார். பஞ்சால் ஒற்றி ஒற்றித் துரு வரவழைத்தார். சக்கரங்களில் சேறு. மூன்று வாரத்தில் பொம்மை வண்டி போர்க்களத்திலிருந்து நேரே வந்து நின்றதுபோல் ஆகிவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு மச்சான் உள்ளே வந்தது அந்த நேரம் பார்த்துத்தான்.

"மாப்ள, முன்பல்லு மூடி கழண்டு விழுந்துடுச்சு. நாளைக்குப் பெரிய இன்ஜினியர் வர்றார். பல்லு இல்லாம பல்லைக் காட்டவா முடியும்?"

கைக்குட்டையைப் பிரித்துக்கொண்டே வந்தவர் மேசையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பல்லுக்காரர் துணியை எடுத்து மூடலாமா என்று பார்த்தார். அதற்குள் மச்சான் உட்கார்ந்தாயிற்று.

"தொட்டுப் பாக்கலாமா? காஞ்சிருச்சா?"

"காஞ்சிருச்சு மச்சான். நூலகத்துல கேட்டாங்க... நான் சொல்லியிருக்கணும்..."

மச்சான் வண்டியை எடுத்தார். யார் எடுத்தாலும் முதலில் கோபுரத்தையும் பீரங்கிக் குழலையும்தான் பார்ப்பார்கள். அவர் வண்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். கட்டைவிரலால் வயிற்றுப் பகுதியைத் தடவினார். ஒரு தடவை, இன்னொரு தடவை.

"இங்க ஒரு கதவு இருக்கணுமே, மாப்ள."

"வட்டமா ஒரு கோடு இருந்துச்சு. அச்சுல ஏதோ தப்புன்னு நான்தான் அடைச்சிட்டேன்."

"அடைச்சிட்டியா?" மச்சானின் குரலில் கோபம் இல்லை. அது இல்லாததுதான் பல்லுக்காரரை இன்னும் கலக்கியது. "நான் வெளிய வந்தது இது வழியாத்தான்."

அடுத்த அறையில் மெருகேற்றும் இயந்திரம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பல்லுக்காரர் எழுந்துபோய் அதை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மச்சான் விட்டுவிட்டுச் சொன்னார். வண்டியில் நாலு பேர். கமாண்டர், குண்டு எடுத்துப் போடுகிறவன், சுடுகிறவன், ஓட்டுகிற இவர். சுடுகிறவனுக்குக் குருவி என்று பெயர். எந்நேரமும் சீட்டி அடிப்பான். ஒருநாள் காலையில் அடி விழுந்தது. கமாண்டரும் குண்டு போடுகிறவனும் மேல்வழியாக எப்படியோ குதித்துவிட்டார்கள். பீரங்கிக் குழல் திரும்பி, ஓட்டுநர் ஏறி இறங்கும் மூடிக்கு நேர்மேலே வந்து நின்றுவிட்டது. மூடி திறக்கவில்லை. உள்ளே ஒரே புகை. கைக்குத் தட்டுப்பட்டது வயிற்றுக் கதவுதான். விழுந்தார், ஊர்ந்தார், ஓடினார்.

"குருவி என் பின்னாடிதான் உக்காந்திருந்தான். 'டேய், கீழ வாடா'ன்னு ஒரு சத்தம் குடுத்திருக்கலாம். குடுக்கல. எனக்கு அப்போ அவன் ஞாபகமே வரல, மாப்ள. அதுதான் உண்மை."

பல்லுக்காரர் பல் மூடியை அன்றே ஒட்டிக்கொடுத்தார். மச்சான் போனபின், உயிருள்ள பல்லைத் தொடுகிற பதத்தில் அடிப்பக்கத்து மாவைச் சுரண்டத் தொடங்கினார். வட்டம் மெல்லத் தெரிந்தது. கோட்டோடு கோடாக அறுத்து, நகக்கண் அளவில் ஒரு கதவை எடுத்து, கீல் வைத்துத் தொங்கவிட்டார்.

மறுநாள் மதியம் மச்சான் மறுபடி வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார்.

"சேறு எதுக்கு இவ்வளவு? அங்க புழுதிதான். இந்தப் பச்சையும் இல்ல. வெயில்ல வெளுத்து, பழைய சோப்பு மாதிரி இருக்கும். கோபுரத்துக்குப் பின்னாடி ஒரு கெட்டில் கட்டியிருப்போம்."

பல்லுக்காரர் மூன்று வார வேலையைத் துடைத்தெடுத்துவிட்டுத் திரும்பப் பூசினார். பல் செய்யும் உலோகத்தில் பருப்பளவு ஒரு கெட்டில் வார்த்தார். இரண்டு பேருக்குப் பல் செட் தாமதமாகப் போயிற்று. அதில் ஒருவர் தொலைபேசியில், எழுத்துகள் பாதி காற்றாகப் போகும்படி திட்டினார்.

மச்சான் தானே தங்கையிடம் சொல்லிவிட்டார். அவள் அலுவலகத்தில் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பட்டறைக்கே வந்தாள். வாசலிலேயே கணவரை மடக்கினாள்.

"ஒண்ணே ஒண்ணுதானேங்க கேட்டேன்? அண்ணன் தூங்காம சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்த ரெண்டு வருஷமும் பக்கத்துல இருந்தவ நான். அதை எதுக்குக் கிளறினீங்க?"

"நான் கிளறல. மறைச்சேன். அது அதைவிடப் பெரிய தப்பு."

அவள் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தபோது உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது. மச்சான் கெட்டிலைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். தங்கையைக் கண்டதும், "இங்க வா. இதுல ஒரு தடவை கமாண்டரோட காலுறையை வேகவச்சிட்டான் குருவி" என்றார். அவன் பெயரை அவள் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோபம் முழுசாகப் போகவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் எழுந்து போகவும் இல்லை.

வேலை முடிந்த அன்று மச்சான் கேட்டார்: "மாப்ள, குருவிக்கு ஒரு அக்கா இருக்காங்க. பஸ்ல ரெண்டு மணி நேரம். இத்தனை வருஷத்துல நான் போனதே இல்ல. கூட வர்றியா?"

பல் அனுப்பும் பெட்டியில் பஞ்சு வைத்து வண்டியை அடக்கி, ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். அக்காவுக்குப் பேருந்து நிலைய ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்லும் வேலை. வீட்டிலும் அதே கணீர்க் குரல். யார் என்று மச்சான் சொன்னதும் அந்தக் குரல் அடங்கியது. நாற்காலி காட்டினாள். பெட்டியிலிருந்து வந்த வண்டியை நெடுநேரம் பார்த்தாள்.

"இதுல எங்க உக்காந்திருப்பான்?"

மச்சான் கோபுரத்தின் ஒரு பக்கத்தில் விரல் நுனியை வைத்தார். பிறகு வண்டியைத் திருப்பி, தொங்கும் கதவைக் காட்டினார். "நான் இது வழியா வந்துட்டேன்க்கா. அவனைக் கூப்பிடல."

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பானா?"

"தெரியல."

"வலிச்சிருக்குமா?"

"அதுவும் தெரியலக்கா."

பல்லுக்காரருக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஏதாவது ஆறுதலாகச் சொல்லுங்களேன் மச்சான் என்று உள்ளுக்குள் கெஞ்சினார். அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ வந்த ஆபீசர் சிரிச்ச முகமா போனான்னு சொன்னார். எங்கம்மா அதை நம்பினாங்க. நான் ஒரு நாள்கூட நம்பல. தெரியலன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

பிறகு அவள், "கூப்பிடாம வந்தது எனக்கு வலிக்குதுதான். இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். மச்சான் தலையாட்டினார். "ஆனா நீங்க வந்துட்டீங்க. சாப்பிட்டுட்டுப் போங்க."

சாப்பாட்டுக்கு நடுவே வேகவைத்த காலுறை வந்தது; கமாண்டர் வந்தார்; குருவியின் சீட்டி வந்தது. அக்கா பதிலுக்கு, அவன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் முன்னால் சீட்டி அடித்து மாட்டிக்கொண்டதைச் சொன்னாள். ஐந்து மணிப் பேருந்து போயே போய்விட்டது. அதன் நேரத்தை அவளே சரியாகச் சொல்லியிருந்தும்.

கிளம்பும்போது பல்லுக்காரர் பெட்டியை எடுக்கப் போனார்.

"அது இங்கேயே இருக்கட்டும்," என்றாள் அக்கா. "அடுத்த தடவை வரும்போது எடுத்துட்டுப் போங்க."

நூலகத்து அலமாரிக்குப் பல்லுக்காரர் ஒரு மீன்பிடிப் படகு செய்து கொடுத்தார். பசங்களிடம் பதில் சொல்லி மாளவில்லை என்று நூலகர் ஒரு மாசம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மச்சான் அதன்பின் அக்கா வீட்டுக்கு ஏழெட்டுத் தடவை போய்வந்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் வண்டியை எடுத்து, புழுதி துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்.