பிளம்லி வண்டியின் எட்டுப் பாதிகள்

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்குள் லாரி நுழைந்தால் யாரும் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. அங்கே லாரி வராத வேளையே கிடையாது. ஆனால் அன்றைக்கு ஆரோன் இன்ஜினியரிங் வாசலில் நின்ற லாரியின் தார்ப்பாயை விலக்கியதும், எதிர் ஷெட்டில் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து கூடிவிட்டார்கள்.

குதிரை வண்டி செய்ய உட்கார்ந்தவன் பாதி வேலையில் மனம் மாறிக் கார் செய்துவிட்டது போல இருந்தது அது. இடுப்பளவு உயரத்தில் மெல்லிய மரச் சக்கரங்கள். இரண்டு பேர் உட்காரும்படி, தோல் கிழிந்த ஒரே ஒரு இருக்கை. கதவு இல்லை, கூரை இல்லை. இருக்கைக்கு அடியில் ஒரு சின்ன இன்ஜின், துருப்பிடித்து, கோழி அடைகாப்பது போல ஒடுங்கிக் கிடந்தது.

"இன்னா சார் இது? கல்யாண ஊர்வலத்துக்கு வாங்கினியா?" என்றார் மாரி. ஆரோனிடம் இருபது வருஷமாக ஃபிட்டர். முதலாளியை 'சார்' என்றும் 'நீ' என்றும் ஒரே மூச்சில் சொல்வார். ஆரோனும் அதைக் கண்டுகொள்வதில்லை.

"அமெரிக்க வண்டி மாரி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் வருஷத்து மாடல்."

"அமெரிக்கா வண்டின்ற, ஸ்டீரிங் நம்மாளுங்க மாதிரி ரைட்ல கீது? உன்ன யாரோ நல்லா ஏமாத்திட்டான் சார்."

"ஏமாத்தல தம்பி," என்று லாரியின் முன்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. வெள்ளைச் சட்டையும் கையில் குடையுமாக ஒருவர் பார்த்துப் பார்த்துக் கீழே இறங்கினார். அப்பாதுரை, இரும்புலியூர்க்காரர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். வண்டி அவருடையது. "அந்தக் காலத்துல அங்கயும் பாதி வண்டிக்கு ரைட்லதான் ஸ்டீரிங். அப்புறம்தான் மாத்தினாங்க."

மிஷன் மருத்துவமனைக்கு வந்த ஒரு பல் டாக்டர் கப்பலில் கொண்டுவந்த வண்டியாம். கொஞ்ச நாள்தான் ஓட்டியிருக்கிறார். பிறகு கை மாறி மாறி, கடைசியில் அப்பாதுரை வீட்டுக் கொல்லையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் வந்து நின்றுவிட்டது. இப்போது அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். வண்டிக்கு இடமில்லை.

"ஜி.எஸ்.டி. ரோட்டுல புதுசா ஒரு ஓட்டல் வருது," என்றார் அப்பாதுரை. "அவங்க கேக்கறாங்க. நடுவுல ரெண்டா அறுத்து, முன்பக்கத்தை ரிசப்ஷன் சுவத்துல பதிச்சு, லைட் போடுவாங்களாம். பழைய வண்டி கிளப்புல ஒருத்தர் தன் ஷெட்டுல வச்சிக்கிறேங்கிறார். ஆனா ஓடற வண்டிதான் வேணுமாம். சனிக்கிழமை ஓட்டல்காரர் ஆள் அனுப்பறார். அதுக்குள்ள ஓடுச்சுன்னா பொழைச்சுது. இல்லேன்னா என்ன பண்றது, அறுக்கட்டும்."

'அறுக்கட்டும்' என்று சொல்லும்போது அவர் வண்டியைப் பார்க்கவில்லை, குடையின் கைப்பிடியைப் பார்த்தார். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற ஜென்சி அதைக் கவனித்தாள்.

ஜென்சி அந்த ஷெட்டில் இன்ஸ்பெக்ஷன். தினமும் தாம்பரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, பிரஸ்ஸிலிருந்து விழும் ஒரே மாதிரியான வளைந்த தகட்டைக் கையில் எடுத்து, அளவு சரிபார்க்கும் கேஜில் வைத்துப் பார்த்து, ஓரத்துப் பிசிறைத் தேய்த்துப் பெட்டியில் போடுவாள். அந்தத் தகடு மறைமலை நகருக்குப் போய்க் காருக்குள் எங்கேயோ உட்காருகிறது. எங்கே என்று அவளுக்குத் தெரியாது. சாலையில் போகும் கார்களைப் பார்க்கும்போதெல்லாம் இதுக்குள்ள நம்ம பீஸ் இருக்குமோ என்று தோன்றும், கார் போய்விடும், அவ்வளவுதான்.

இந்த வண்டியின் முகப்பில் ஒரு பித்தளைப் பட்டயம் இருந்தது. எண்ணெய்த் துணியால் துடைத்ததும் எழுத்துகள் எழுந்து வந்தன. 'பிளம்லி பிரதர்ஸ், இண்டியானா.'

"பெரிய கம்பெனியா சார்?" என்று கேட்டாள்.

"பெரிய கம்பெனியா!" ஆரோன் சிரித்தார். "அண்ணன் தம்பி ரெண்டு பேரு. சாரட்டு வண்டிக்குச் சக்கரம் செஞ்சுக்கிட்டு இருந்தவங்க. நம்ம ஷெட்டு மாதிரி ஒரு ஷெட்டு. அந்தக் காலத்துல அங்க ஊருக்கு ஒருத்தன் கார் செஞ்சான் ஜென்சி. சைக்கிள் செஞ்சவன், தையல் மிஷின் செஞ்சவன், பம்பு செஞ்சவன் எல்லாரும் நாமளும் செய்வோம்னு கிளம்பிட்டான். ஆயிரம் பேருக்கு மேல. இன்ஜினை ஒரு ஊர்ல வாங்கறது, அச்சை இன்னொரு ஊர்ல வாங்கறது, கொண்டுவந்து பூட்டித் தன் பேரைப் போட்டு ரோட்டுல விடறது. முக்காவாசிப் பேரு ரெண்டு மூணு வருஷம்கூடத் தாக்குப் பிடிக்கல."

"இவங்க?"

"அப்பாதுரை அங்கிளுக்குத் தெரிஞ்ச வரைக்கும் மொத்தமே முப்பது நாப்பது வண்டி செஞ்சிருப்பாங்க. அதோட மூடிட்டாங்க."

ஜென்சி ஷெட்டைச் சுற்றிப் பார்த்தாள். இரண்டு லேத், ஒரு பிரஸ், ஒரு ட்ரில்லிங் மெஷின், மூலையில் ஒரு மேசை. இவ்வளவை வைத்துக்கொண்டு, வெறும் தகடோ கிளாம்போ இல்லை, ஒரு முழுக் காரா? அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இதே மாதிரி ஒரு கூரையின் கீழ் நாலைந்து பேர் நின்று, போல்ட்டுகளை முடுக்கி, ஷெட் கதவைத் திறந்து, அதைத் தெருவில் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். யாரிடமும் டிராயிங் கேட்கவில்லை. எந்தக் கம்பெனியும் 'பாஸ்' என்று முத்திரை போட்டுத் தரவில்லை.

அன்றிலிருந்து தன் வேலை முடிந்ததும் அவள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மாரி இன்ஜினைப் பிரித்துப் போட்டார். ஆரோன் தீப்பொறிக்குப் புது இக்னிஷன் காயில் கட்டினார். பிரித்த பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவித் தட்டில் அடுக்கி ஜென்சியிடம் தந்தார்கள். இன்ஜினின் நடுத்தண்டைத் தாங்குகிற பேரிங்குகள் நாலு. ஒவ்வொன்றும் இரண்டு பாதி, வளையலைக் குறுக்கே வெட்டியது போல. மொத்தம் எட்டுப் பாதிகள். உள்பக்கம் பூசியிருந்த வெள்ளை உலோகம் பால் போல மின்னியது.

அந்தப் பாதிகளின் வெளிப்பக்கத்தில் பஞ்ச் உளியால் அடித்த புள்ளிகள் இருந்தன. ஒன்றில் ஒரு புள்ளி, இன்னொன்றில் இரண்டு, மற்றொன்றில் மூன்று, வேறொன்றில் நாலு.

ஜென்சிக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அவர்கள் ஷெட்டில் பஞ்ச் புள்ளி என்றால் ஒரே அர்த்தம்தான். அளவு தவறிய பீஸ்மேல் அதை அடித்து, ஸ்கிராப் டிரம்மில் எறிவார்கள். ஒருமுறை புள்ளி விழுந்த ஒரு பீஸ் தெரியாமல் நல்ல பெட்டிக்குள் போய், முழு லாட்டும் திரும்பி வந்தது. அந்த அவமானம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. இந்த அழகான வேலையின்மேல் எவனோ கைக்கு வந்தபடி அடித்து வைத்திருக்கிறானே என்று நினைத்தாள். மெல்லிய அரத்தை எடுத்து, பிறகு எமரித் தாளை எடுத்து, எட்டுப் பாதிகளையும் கண்ணாடி போலத் தேய்த்துக் கொடுத்தாள். ஒரு புள்ளி மிச்சமில்லை.

வியாழக்கிழமை மாரி, தட்டில் இருந்த வரிசையை நம்பி அவசர அவசரமாக இன்ஜினைப் பூட்டினார். கடைசி நட்டை முடுக்கிவிட்டுத் தண்டைக் கையால் சுற்றப் பார்த்தார். அசையவில்லை. கம்பியைப் போட்டு நெம்பினார். கிர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"புடிச்சிக்கிச்சு," என்றார். கழற்றினார். பாதிகளை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார். "இதுல புள்ளி இருந்துச்சே. ஒண்ணுக்கு ஒண்ணு, ரெண்டுக்கு ரெண்டுன்னு ஜோடி சேக்கறதுக்கு. நான்கூட அத நம்பித்தான் கழட்டிப் போட்டேன். எங்க போச்சு?"

ஜென்சியின் காது இரண்டும் சூடேறின.

"நான்தாண்ணா தேய்ச்சேன்."

"இன்னா?"

"ரிஜெக்ட் புள்ளின்னு நெனச்சேன்."

மாரி ஸ்பேனரை மேசைமேல் வைத்தார். "அடிப் பாவி. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல? அவன் பேப்பர்ல அளவு போட்டு செய்யலம்மா. தண்டு மேல வச்சி வச்சி, சுரண்டிச் சுரண்டி, இது இதுக்குத்தான்னு கட்டி வச்சிக்கிறான். மாத்திப் போட்டா சுத்தாது. திருப்பிப் போட்டாக்கூட சுத்தாது. இப்ப எது எதுக்கு ஜோடின்னு யாருக்குத் தெரியும்?"

ஆரோன் மைக்ரோமீட்டரைக் கொண்டுவந்தார். எட்டும் எட்டு அளவு, மயிரிழை வித்தியாசத்தில். எது சரி என்று சொல்ல டிராயிங் இல்லை. "அங்கிளுக்குச் சொல்லிடலாம்," என்றார். யாரையும் திட்டவில்லை. அதுதான் ஜென்சிக்குத் தாங்கவில்லை. அந்தப் பித்தளைப் பட்டயம் ஓட்டல் சுவரில் பல்பு வெளிச்சத்தில் தொங்குவது கண்முன் வந்தது. இருக்கைக்குப் பின்னால் ரம்பம் ஓடும் சத்தம்கூடக் கேட்டது போலிருந்தது.

"நாளைக்கு வரைக்கும் சொல்லாதீங்க சார்," என்றாள்.

மறுநாள் காலை பிரஸ் ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே வந்துவிட்டாள். எட்டுப் பாதிகளையும் ஜன்னலோரம் வெள்ளைத் துணிமேல் அடுக்கினாள். அளவு பார்க்கவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துச் சும்மா பார்த்தாள்.

பார்க்கப் பார்க்க அந்த வெள்ளை உலோகத்துக்குள் ஒரு ஊரே தெரிந்தது. தண்டு சுற்றிச் சுற்றித் தேய்ந்த பாதையில் மெல்லிய கீறல்கள் ஓடின. எண்ணெயோடு உள்ளே போன தூசி போட்ட கீறல்கள். எந்த ஊர் மண்ணோ. இண்டியானாவின் சேற்றுப் பாதையா, தாம்பரத்துச் செம்மண்ணா, யாருக்குத் தெரியும்? ஒரு பாதியில் இரண்டு கீறல் நெருங்கி ஓடி, அடுத்து ஓர் இடைவெளி விட்டு, ஓர் ஆழமான கீறல். அது விளிம்பில் போய் அப்படியே நின்றிருந்தது.

நின்றிருக்கவில்லை. வட்டமாகச் சுற்றுகிற தூசி பாதியில் எப்படி நிற்கும்? அந்தக் கீறல் இன்னொரு பாதியில் தொடர்ந்துதானே ஆகவேண்டும்?

அந்தப் பாதியைத் துணியின் நடுவுக்கு நகர்த்தினாள். வேறொரு பாதியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். இல்லை. அடுத்தது. இல்லை. அதைத் திருப்பி வைத்தாள். இரண்டு மெல்லிய கீறல், இடைவெளி, ஓர் ஆழமான கீறல். கோலத்தின் கோடு கோட்டோடு சேர்வது போல விளிம்பு தாண்டி ஓடியது.

"மாரிண்ணா! இங்க வாங்களேன்!"

மாரி டீ கிளாஸோடு வந்தார். குனிந்து பார்த்தார். டீ ஆறும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு ஜோடி கெடச்சிச்சு. மத்தது?"

"மத்ததுல கீறல் சரியா தெரியலண்ணா. தேய்ஞ்சிருக்கு."

மாரி கண்ணாடியை வாங்கி விளிம்புகளைப் பார்த்தார். தண்டு படாத ஓரங்களில், சுரண்டியின் தடங்கள் தேயாமல் நின்றிருந்தன, நகத்தால் கிள்ளிய பிறைகளைப் போல. திடீரென்று சிரித்துவிட்டார்.

"இத்தப் பாரேன். இது எல்லாம் இப்டி சாஞ்சிக்கினு கீது. இது எல்லாம் அப்டி சாஞ்சிக்கினு கீது. ரெண்டு பேரு சொரண்டிக்கிறானுங்க. ஒருத்தன் சோத்தாங்கை. இன்னொருத்தன் பீச்சாங்கை!"

"நெசமாவா?"

"என் மச்சான் பீச்சாங்கைதான். அவன் சொரண்டினா இப்டித்தான் விழும்."

நூறு வருஷத்துக்கும் முன்னால், கடலுக்கு அந்தப் பக்கம், ஒரு மேசையின் முன்னால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனுக்கு இடது கை. முழங்கை இடித்துக்கொண்டிருக்கும், தள்ளி உட்காருடா என்று சொல்லியிருப்பான். அண்ணன் தம்பிகளாகவே இருக்கலாம். போட்டோ கிடையாது. கம்பெனி செத்துப்போய்விட்டது. ஆனால் அவர்கள் கை இன்னும் இங்கே அசைந்துகொண்டிருந்தது. ஜென்சி விரல் நுனியை அந்தப் பிறைகளின்மேல் வைத்தாள். கோயிலில் வைப்பது போல என்று சொல்லலாம், ஆனால் அவள் கோயிலில் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.

சாய்வை வைத்து இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். கூட்டத்துக்குள் மங்கலாக மிஞ்சிய கீறலை வைத்துத் தேடினார்கள். பிரஸ் வேலையை ஆரோன் அன்றைக்குத் தானே பார்த்துக்கொண்டார். மத்தியானச் சோற்றுக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசி ஜோடிக்குக் கீறலும் உதவவில்லை. மிச்சமிருந்தது அந்த இரண்டு பாதிதான் என்பதால் சேர்த்தார்கள், திருப்பி ஒருமுறை போட்டுப் பார்த்தார்கள். எந்த ஜோடி தண்டில் எந்த இடத்துக்கு என்பதையும் மாற்றி மாற்றி வைத்தே கண்டுபிடித்தார்கள். மாரி நட்டை முடுக்கி, தண்டில் கையை வைத்து, ஜென்சியைப் பார்த்தார்.

"நீயே சுத்து."

அவள் சுற்றினாள். வெண்ணெய்க்குள் சுற்றுவது போலச் சுற்றியது.

சனிக்கிழமை அப்பாதுரை வந்தபோது ஓட்டல்காரரின் லாரியும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றது. டிரைவர் இறங்கி, "எங்க சார் ஏத்தணும்?" என்று கேட்டான்.

"இருப்பா. மொதல்ல எங்க வேலைய பாரு," என்று மாரி இன்ஜினைக் கிளப்பும் கைப்பிடியைத் தண்டில் மாட்டினார். முதல் சுற்று, ஒன்றுமில்லை. இரண்டாவது, இருமியது. அப்பாதுரை குடையை மார்போடு அணைத்துக்கொண்டார். ஆரோன் காயிலில் எதையோ திருகினார். மாரி காலை அகட்டி வைத்து, முருகா என்று ஒரே வீச்சில் சுற்றினார்.

டப். டப். டப் டப் டப்.

நீலப் புகை எழுந்து கூரையில் முட்டியது. மரச் சக்கரங்களின் ஆரங்கள் நடுங்கின. இருக்கை நடுங்கியது, பித்தளை நடுங்கியது. வண்டி முழுக்க ஏதோ குளிரில் எழுந்த மிருகம் போல உடம்பை உதறியது. எதிர் ஷெட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். ஓட்டல் லாரி டிரைவர், வந்த வேலையை மறந்து போனில் படம் எடுக்க ஆரம்பித்தான்.

"ஏறும்மா," என்றார் அப்பாதுரை ஜென்சியிடம். "நீயும் ஏறு."

ஆரோன் ஓட்டினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சைக்கிள்காரன் ஒருவன் அவர்களை முந்திப் போனான், அவ்வளவுதான் வேகம். ஆனால் உயரத்திலிருந்து பார்த்தபோது தொழிற்பேட்டைச் சாலை அவளுக்குப் புதிதாக இருந்தது. ஸ்பிரிங் செய்கிற ஷெட், ரப்பர் வளையம் செய்கிற ஷெட், பெயின்ட் அடிக்கிற ஷெட், வயர் பின்னுகிற ஷெட். வாசலுக்கு வாசல் ஆட்கள் வந்து நின்று கையை ஆட்டினார்கள். எல்லாம் இங்கேயே இருக்கிறது என்று நினைத்தாள். ஒரு முழுக் கார், தெரு முழுக்கப் பிரித்துப் போடப்பட்டு, தன் பெயர் தெரியாமல் கிடக்கிறது.

திரும்பி வந்தபோது அப்பாதுரை போனில் ஓட்டல்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். "இல்லைங்க, அறுக்க முடியாது. லாரியத் திருப்பி அனுப்பறேன். ஆமாங்க, ஓடுது. ஓடுதுன்னு சொல்றேன்... கேக்கலயா?"

பொறுமை இழந்தவராக, போனைக் காதிலிருந்து எடுத்து, இருக்கைக்கு அடியில் நீட்டி, இன்ஜின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.