முனியாண்டி கொடுத்த புகையிலை

நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் முனியாண்டி கல் இருக்கிறது. சாமிக்குச் சுருட்டு வைத்துக் கும்பிடுவது வழக்கம். போன மழைக்குப் பிறகு அந்தக் கல்லின் பக்கத்திலேயே ஒரு செடி முளைத்து ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது. இலை ஒரு முழம். செல்லசாமி ஒரு வெள்ளிக்கிழமை அதற்குக் கற்பூரம் காட்டி, "சுருட்டு வெச்ச எடத்துல சாமியே பொகையெல மொளைக்க வெச்சிருக்கு" என்று அறிவித்தார். அவர் பூசாரி. தொழிற்சங்கத் தலைவரும் அவரே. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் மறுத்துப் பேச யார் வருவார்கள்?

எங்கள் ஆட்களுக்குப் புகையிலை என்றால் கடையில் தொங்குகிற காய்ந்த கறுப்பு இலைதான். செடியாக யாரும் பார்த்ததில்லை. செல்லசாமி இலைகளைக் காயவைத்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார். கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டோம்.

ராக்காயி அதை வெற்றிலையோடு சேர்த்து மென்றாள். சாயங்காலமே குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவள் பாதி ஆளாகத் திரும்பி வந்தபோது, இங்கே தீர்ப்பு எழுதி முடிந்திருந்தது.

"எல்லா வீட்டுக்குந்தானே குடுத்தேன். யாருக்கு என்னா ஆச்சு? இவளுக்கு மட்டும் ஆகுதுன்னா, தீட்டோட மலையேறியிருக்கா" என்றார் செல்லசாமி. அவள் கல்லுக்கு முன்னால் விழுந்து, எல்லோர் காதிலும் விழ "தப்பு என்னோடது" என்று சொல்ல வேண்டும். அதுவரை அவளிடம் திருவிழா வரி வாங்கமாட்டார்கள். எங்கள் தோட்டத்தில் வரி வாங்காத வீடு செத்த வீட்டுக்குச் சமம். அதைவிட மோசம், செத்த வீட்டுக்காவது நாலு பேர் வருவார்கள்.

ராக்காயி வாசல் இஸ்தோப்பில் நின்று போட்ட சத்தம் லயத்தின் கடைசி வீட்டுக் காம்பரா வரை கேட்டது. பக்கத்துக் காம்பரா என்பதால் எனக்குச் சுவரில் காதை வைக்கிற வேலை மிச்சம்.

"தீட்டா? அம்பது தாண்டுனவளுக்கு என்னா தீட்டு? சாவுத் தீட்டுன்னா, யாரு செத்தா? பேரச் சொல்லச் சொல்லுங்க அந்தாள!"

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்திருந்த அவள் மகள் சுதர்ஷினிதான் முதலில் சந்தேகப்பட்டவள். அவள் வாழ்க்கைப்பட்டது வலப்பனைப் பக்கம். "எங்க பக்கம் பொகையெல போடுறாங்கம்மா. கல்லுகிட்ட நிக்கிறது அது இல்ல" என்றாளாம். உடம்பு தேறுவதற்குள் ராக்காயி மகள் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை பூசை நேரத்தில் வேரும் மண்ணுமாக ஒரு செடியை உரப்பையில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்து, கல்லுக்கு முன்னால் தொப்பென்று வைத்தாள்.

"இதுதான் பொகையெல. தலைவரே, இங்க வாங்க. இந்த எலைக்குக் காம்பு இருக்கா? தண்டையே கட்டிப் புடிச்சிக்கிட்டு நிக்குது. தொடுங்க, பிசின் மாதிரி ஒட்டுதா? ஒங்க செடிக்கு வெரல் நீளத்துக்குக் காம்பு. எலை பஞ்சு மாதிரி."

செல்லசாமி தொடவில்லை. நான் தொட்டேன். ஒட்டியது.

"பூவப் பாருங்க. நீளக் கொழா, நுனியில ரோஸ். அங்க பூத்திருக்கிறது கத்தரிப்பூ மாதிரி ஊதா." காய்ந்த காய் ஒன்றை நசுக்கினாள். தூசி மாதிரி விதை உள்ளங்கையில் கொட்டியது. "இதோட காயி இப்படி. அதுல சுண்டக்கா கணக்கா கொத்துக் கொத்தா மஞ்சப் பழம் தொங்குது. கண்ணு தெரியலையா யாருக்கும்?"

செல்லசாமி நிதானமாகத் துண்டைத் தோளில் சரிசெய்தார். "மனுசன் போடுற பொகையெல அப்படித்தான் இருக்கும். இது சாமி பொகையெல. வேற மாதிரித்தான் இருக்கும்."

கூட்டம் தலையாட்டியது. ஆட்டுகிற தலைகளுக்கு எங்கள் லயத்தில் என்றைக்கும் பஞ்சமில்லை.

ராக்காயிக்கு முகம் கறுத்துவிட்டது. கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "வீரம்மா, நீ மென்னியா?"

"நானா? அரிசி டின்னுக்குள்ள போட்டு வெச்சேன்கா. கொறையாம இருக்கும்னு..."

"தனுஜா?"

"பர்ஸ்ல இருக்கு அத்தை."

கணேசமூர்த்தி ஆட்டோக் கண்ணாடியில் கட்டியிருந்தான். என் முறை வந்தது. "ஆட்டுக்கு நீட்டுனேன். மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கிருச்சு" என்றேன். யாரோ சிரித்தார்கள்.

"நீங்க தலைவரே?"

"நான் வெத்தல போடுறதில்ல." சொன்ன வாய் சிவந்திருந்தது. ஒரு கன்னம் வேறு உப்பியிருந்தது.

"அப்ப வாயில என்னா?"

அவரால் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. "கடை பொகையெல" என்றார் கடைசியில்.

"ஆக, ஒங்கள நம்பி மென்னது நான் ஒருத்தி. எனக்குத் தீட்டு. ஒளிச்சு வெச்சவங்க எல்லாம் சுத்தம்!" சாமி செடியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "சாமி குடுத்ததுதானே? மெல்லுங்க."

கற்பூரம் தானாகவே அணைந்தது. செல்லசாமி குனிந்து தட்டை எடுத்தார். "சரி சரி. நாளைக்கு வரியக் கொண்டாந்து குடு."

"கொண்டாந்து குடுக்கணுமா? என் வாசல்ல வந்து நின்னு கேளுங்க."

மறுநாள் தூறலில் நனைந்துகொண்டே அவர் வந்தார். எல்லா இஸ்தோப்பிலும் ஆள். எனக்கும் அந்த நேரம் பார்த்துத்தான் வாசல் கூட்ட வேண்டியிருந்தது.

"ராக்காயி..."

"யாரது?"

"நாந்தான். வரிக்கு வந்திருக்கேன்."

"தப்பு யாரோடதுன்னு சொல்லிட்டு வாங்கிக்கிட்டுப் போங்க."

லயத்தின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தார். உதடு அசைந்தது.

"கேக்கல" என்றாள் உள்ளேயிருந்து.