ஆண் எலி அறையில் படப்பிடிப்பு

என் சித்தி மகள் என்னைவிட நான்கு மாதம்தான் இளையவள். இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான். அவளைக் குட்டி என்போம். அந்த நான்கு மாதத்துக்காக என்னை ‘அக்கா’ என்று கூப்பிட்டுவிட்டு, அதே மூச்சில் எனக்கு வேலை சொல்வாள். மருந்து ஆராய்ச்சி நிலையத்தின் விலங்குக் கூடத்தில் நான் கூண்டு மாற்றிக் கழுவுகிறவள். அவள் படிப்பை முடித்துவிட்டு வந்த டெக்னீஷியன். ஆண் எலிகளின் அறையில் எனக்கு மூன்று வருடம். பெண் எலிகள் குட்டி போடும் அறையிலிருந்து அவள் அங்கே மாற்றலாகி வந்து இரண்டு வாரம்.

எங்கள் கூடத்துக் கதவில் ‘அனுமதி இல்லை’ என்ற பலகையைத் தவிர வெளியே எதுவும் தெரியாது. உள்ளே நாய்களை உயிரோடு அறுக்கிறார்கள் என்று பஸ்ஸில் ஒரு பெண் எனக்கே கதை சொன்னாள். அங்கே நாய் ஒன்றுகூட இல்லை. வீட்டிலும், நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரியில் வேலை செய்வதாகத்தான் உறவுக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தார்கள். இனி ஒளிக்க வேண்டாம் என்று நிலையம் முடிவு செய்தது. எத்தனை எலிகள், எதற்காக, அவற்றில் எத்தனை சாகின்றன என்று எல்லாவற்றையும் படம் எடுத்து இணையத்தில் போடப்போகிறார்கள். படத்தில் பேசக் குட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. சித்தி தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டாள். நாலு பேரைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கும் என்னை யார் படம் எடுப்பார்கள் என்று அம்மா சிரித்துக்கொண்டே கேட்டாள். என் காதில் புகை வருவதாகத் தம்பி சொன்னான். குட்டி குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பேசிப் பழகினாள். “எங்கள் கூடத்தில் ஒவ்வொரு உயிருக்கும் கணக்கு உண்டு.” சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. என் உள்ளங்கையில் எலிகள் மூத்திரம்கூடப் போகாமல் அமைதியாக உட்காரும். அவள் கையில் துள்ளும். இதைக் கேட்க ஆளில்லை.

படப்பிடிப்புக்கு முந்தின நாள் மதியம் அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு கூண்டிலும் ஐந்தைந்து ஆண் எலிகள், தாங்களே கிழித்துக் குவித்த காகிதக் கூட்டுக்குள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. காகிதம் மஞ்சளாகிக் கசங்கியிருந்தது.

“அக்கா, எல்லாத்தையும் புதுசா மாத்திடு. பழைய காகிதம் ஒரு துண்டுகூட இருக்கக் கூடாது. படத்துல குப்பை மாதிரி தெரியும்.”

நான் வாயைத் திறந்தேன். ஆண் எலிகளுக்குக் கூண்டு மாற்றும்போது பழைய கூட்டிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் புதியதில் வைப்பேன். தங்கள் வாசனை மொத்தமும் போய்விட்டால், கூடப் படுத்திருந்ததையே புதிதாக வந்த ஆள் என்று நினைத்துக் கடித்துக் குதறும். முதல் வருடத்தில் பார்த்துப் பார்த்து நானாகத் தெரிந்துகொண்டது. பெண் எலிகள் அப்படிச் சண்டை போடுவதில்லை, அதனால் குட்டிக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

அவள் அதற்குள் செல்போனைப் பார்த்துத் தன் தொப்பியைச் சரிசெய்யத் தொடங்கியிருந்தாள்.

“சரி,” என்றேன்.

இருபது கூண்டுகளையும் பளிச்சென்று மாற்றினேன். ஒரு துண்டுகூட விடவில்லை.

மறுநாள் காலை கேமராக்காரர், நிர்வாக அதிகாரி, கால்நடை டாக்டரம்மா மூவரும் கவுன் போட்டு உள்ளே வந்தார்கள். குட்டியின் காலரில் சின்ன மைக். நான் கழுவுத் தொட்டிப் பக்கம் நின்றேன். அவள் முதல் வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே கீச்சுச் சத்தம் கேட்டது. மூன்றாவது கூண்டில் வெள்ளைக் காகிதமெல்லாம் ரத்தம். மூன்று எலிகளின் வால் அடியில் கடிக்காயம். இன்னொன்று முதுகுத் தோல் கிழிந்து மூலையில் பக்கவாட்டில் கிடந்தது.

இதை விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போகலாம் என்றார் அதிகாரி. இதை விட்டுவிட்டால் படமே எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா கூண்டைத் திறந்தார். முதுகு கிழிந்த எலியைப் பிழைக்க வைக்க முடியாது. வலி தெரியாமல் முடிக்க ஊசி எடுத்துவரச் சொன்னார். நேற்று இங்கே என்ன மாறியது என்று கேட்டார்.

“நான்தான் எல்லாத்தையும் புதுசா மாத்தச் சொன்னேன், டாக்டர். படத்துக்காக. தப்பு என்னோடது,” என்றாள் குட்டி. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா அவள் தோளில் கை வைத்தார். மறைக்காமல் சொல்கிறவர்கள்தான் இந்த இடத்துக்கு வேண்டும் என்றார். அதிகாரிகூடத் தலையாட்டினார்.

எனக்கு வயிறு எரிந்தது. தப்பு செய்தும் பாராட்டு அவளுக்குத்தான். என்னையும் மீறி நான் முன்னால் வந்துவிட்டேன்.

“பழைய கூட்டுக் காகிதம் ஒரு கைப்பிடி வெக்கணும், டாக்டர். வெச்சா கடிச்சுக்காது. மூணு வருஷமா நான் அப்படித்தான் செய்றேன். இவளுக்கு அது தெரியாது.”

கேமரா என் பக்கம் திரும்பியது. டாக்டரம்மா என்னை முதல்முறையாக நன்றாகப் பார்த்தார். அந்த ஒரு கணம் எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

“அப்ப நேத்து?” என்றார்.

அப்போதுதான் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கே புரிந்தது. குட்டிக்கும் புரிந்துவிட்டது. முகக்கவசத்துக்கு மேலே அவள் கண்கள் மட்டும் தெரிந்தன.

“நேத்து வெக்கல.”

“ஏம்மா?”

“இவ நல்லா பேசிடக் கூடாதுன்னு.”

ஊசி வந்தது. டாக்டரம்மா அந்த எலியைக் கையில் எடுத்து வேலையை முடித்தார். பதிவேட்டில் ஒன்று சாவு, மூன்று காயம் என்று எழுதி, காரணம் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார். படத்தில் வருகிறவர்களின் சம்மதம் வேண்டும், நான் சொன்னதை வைக்கலாமா என்று கேட்டார்.

எனக்கு முன்னால் குட்டி பேசினாள்.

“அத எடுத்துடுங்க, டாக்டர். நான் சொன்னது மட்டும் இருந்தா போதும். அவ வேலை போயிடும். எங்க அக்கா.”

அவள் அழுதுகொண்டிருந்தாள். உண்மையாகவே எனக்காகத்தான் கேட்டாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். பெருந்தன்மைக்காரி என்ற பெயரும் அவளுக்கே போய்ச் சேரப்போகிறது.

“இல்ல டாக்டர்,” என்றேன். “இருக்கட்டும். நான் சொன்னதும் இருக்கட்டும்.”