காம்பியாவில் பார்க்க வேண்டியவை

மகள் ஓவியாவுக்கு நாலாம் வகுப்பில் கொடுத்த நாடு காம்பியா. அங்கே போகிறவர்கள் என்னென்ன பார்க்கலாம் என்று ஒரு பெரிய அட்டையில் காட்ட வேண்டும். செய்தது அம்மா வசுமதிதான். தொட்டுப் பார்க்கக்கூடிய முதலைகள் கிடக்கும் குளத்தை வரைந்தாள். ஆற்றைக் கடக்கும் படகில் ஆடுகளையும் ஏற்றினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் பள்ளியில் கண்காட்சி. பெற்றோர் வரலாம். அவர்கள் இருக்கும் அமெரிக்க ஊரான ஃபிரிஸ்கோவில் கார் இல்லாமல் எங்கும் போக முடியாது. வசுமதிக்கு ஓட்டத் தெரியாது. "கிரீன் கார்டு வரட்டும், டிரைவிங் கத்துக்கலாம்" என்று கணவன் சபரி மூன்று வருடமாகச் சொல்கிறான். தினமும் அவள் போகிற தூரம், தெருமுனையில் பள்ளிப் பேருந்து நிற்கும் இடம் வரைதான்.

அன்று புடவை கட்டிக்கொண்டு சபரிக்காகக் காத்திருந்தாள். ஃபோன்தான் வந்தது.

"மீட்டிங் போட்டுட்டாங்க வசு, வர முடியாது. அந்தச் சார்ட்தான? வீட்லயே பாத்தியே."

"நான் வரைஞ்சதுங்க அது."

"அதான் சொல்றேன்."

புடவையை மாற்றாமலே பேருந்துக்குப் போய் நின்றாள். இறங்கிய ஓவியா அவள் கையைப் பிடித்து வேகமாக வீட்டுப் பக்கம் இழுத்தாள்.

"அம்மா, ஃபர்ஸ்ட் ப்ரைஸ்! நீ ஏன் வரலைன்னு டீச்சர் கேட்டாங்க. காம்பியா போயிருக்காங்கன்னு சொல்லிட்டேன்."

வசுமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடிப்பாவி! எப்ப திரும்பி வரேனாம்?"

"சொல்லல. பட் இனிமே பஸ் ஸ்டாப்புக்கு வராத, ஓகே? யாராவது பாத்துருவாங்க."